தண்ணீர் போகும் வழி

அக்டோபர் இரண்டாம் வாரம். மினியாபொலிஸ் புறநகரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அதை ஒட்டி ஜாக்கி, கிரீஸ் டப்பா, அளவாக அறுத்து வைத்த மரக்கட்டைகள், கயிற்றுச் சுருள்கள், மடித்துக் கட்டிய பெரிய கேன்வாஸ் போர்வை. அத்தான் ஓட்டினார். போக வேண்டிய இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் பேஃபீல்டு. சுமார் 370 கிலோமீட்டர்.

அங்கே மிதந்துகொண்டிருந்த அத்தானின் பாய்மரப் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ட்ரெய்லரில் ஏற்றி, இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். தூத்துக்குடியில் அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். அக்காவும் அத்தானும் ஊரோடு போய் இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று. இரண்டு கார்களில் ஒன்றை விற்றாயிற்று. படகையும் விற்றுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நானும் சொன்னேன்.

“விக்கிறதுக்கு இல்ல மாப்ள. திரும்பி வருவேன்ல” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

டுலூத் நகரம் வரும்போது பொழுது நன்றாக விடிந்திருந்தது. சாலை ஒரு குன்றின் மேல் ஏறி, சட்டென்று கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில்தான் சுப்பீரியர் ஏரி முதன்முதலாகக் கண்ணில் படும். ஏரி என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கரை தெரியாது. 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 406 மீட்டர். உலகத்தின் நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் இதுதான் பெரியது. தூத்துக்குடிக்காரனுக்கு மூக்கில் உப்பு வாசம் ஏறாத கடல் ஒன்றைப் பார்ப்பது என்னவோபோல் இருந்தது. துறைமுகத்தின் தூக்குப் பாலத்துக்கு அடியில் இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. முன்னூறு மீட்டர் நீளம் வரைக்கும் இங்கே கப்பல்கள் உண்டு. ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை இந்த ஏரியின் வாசலான சூ மதகுகளை மூடிவிடுவார்கள். அப்போது அத்தனை பெரிய கப்பல்களும் டுலூத்திலும் மற்றத் துறைமுகங்களிலும் வந்து கட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அந்த இரண்டரை மாதத்தில்தான்.

சிறு படகுகள் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. நவம்பர் பிறந்துவிட்டால் இந்த ஏரியின் குணமே வேறு. 1975 நவம்பர் 9 அன்று, டுலூத்துக்கு எதிர்க்கரையில் உள்ள சுப்பீரியர் நகரத்திலிருந்து தாது ஏற்றிக்கொண்டு கிளம்பிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 222 மீட்டர் கப்பல், மறுநாள் இரவு புயலில் மூழ்கியது. அதில் இருந்த 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரையோரச் சின்னக் கடைகளில்கூட அந்தக் கப்பலின் படம் மாட்டியிருக்கிறது. அக்டோபரோடு படகை ஏற்றிவிட வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது பனிக்கு மட்டும் பயந்து சொல்வதில்லை.

சுப்பீரியர் நகரைத் தாண்டி 13ஆம் எண் சாலையில் திரும்பினோம். போர்ட் விங், ஹெர்ப்ஸ்டர், கார்னுகோப்பியா என்று கரையோரச் சிற்றூர்கள். மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் கொட்டியிருந்தன. பிர்ச் மரங்களின் வெள்ளை அடிமரமும் மஞ்சள் இலையும் சாலை நெடுக வந்தன. கார்னுகோப்பியாவில் வண்டியை நிறுத்தி, புகையில் வாட்டிய வெள்ளைமீன் வாங்கி எலுமிச்சைச் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். நம் ஊர்க் கருவாட்டின் காரம் இல்லை. ஆனாலும் எண்ணெய்ப்பசையோடு நல்ல ருசி.

பேஃபீல்டு அறுநூறு பேர்கூட இல்லாத ஊர். அதற்கு முந்தின வாரம்தான் ஆப்பிள் திருவிழா முடிந்திருந்தது. தெருவோரத்தில் இன்னும் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. ஊருக்கு எதிரே அபோசில் தீவுகள், மொத்தம் 22. அவற்றில் 21 தீவுகள் 1970இல் அறிவித்த தேசிய ஏரிக்கரைப் பூங்காவில் இப்போது சேர்ந்தவை. மிச்சமுள்ள மேடலின் தீவில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கோடையில் ஃபெர்ரியில் போகிறவர்கள், ஏரி நன்றாக உறைந்ததும் பனிக்கட்டி மேலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார்களாம். வழி தெரிய, கிறிஸ்துமஸ் முடிந்து தூக்கிப் போட்ட மரங்களை இரண்டு பக்கமும் நட்டு வைப்பார்களாம். அத்தான் அதைச் சொல்லும்போது தண்ணீரில் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. இதன் மேல் கார் ஓடும் என்பதை மனசு ஏற்கவில்லை.

படகு கேட்டலினா 22 வகை. ஃபிராங்க் பட்லர் என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் 1969 முதல் கட்டிவந்த மாடல். 15,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அத்தானுடையது 1984இல் கட்டியது. அவர் மூன்றாவதோ நான்காவதோ சொந்தக்காரர். ஆறரை மீட்டர் நீளம், சுமார் ஆயிரம் கிலோ எடை. அகலம் 2.3 மீட்டர். அமெரிக்கச் சாலையில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப் போகக்கூடிய அகலம் 2.6 மீட்டர் என்பதால், சாதாரண காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எந்த ஏரிக்கும் போகலாம். தனிப் படகுத்துறையில் வாடகைக்கு இடம் பிடிக்க வசதியில்லாத குடும்பங்களுக்குப் பாய் விரிக்கும் சுகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த வகைப் படகுதான். அதற்காகவே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

ட்ரெய்லரில் ஏற முடிவதற்குக் காரணம் அதன் அடிப்பாகம். நம் ஊரில் படகு கட்டும் ஓடாவிகள் ஏரா என்று சொல்லும் அடிமரத்தின் இடத்தில் இதற்குச் சுமார் 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கீல் இருக்கிறது. அது ஒரு முனையில் ஊசியில் மாட்டியிருக்க, மறுமுனை கம்பியில் தொங்குகிறது. உள்ளே இறங்கும் படிக்கு அடியில் உள்ள வின்ச்சைச் சுற்றினால் கீல் மேலே மடங்கும். இறக்கினால் படகு ஒன்றரை மீட்டர் ஆழம் கேட்கும். மடக்கினால் அறுபது சென்டிமீட்டர் போதும். நல்ல ஓட்டத்தில் அந்தக் கம்பி தண்ணீரில் அதிர்ந்து முனகும். அத்தான் அந்த முனகலின் சுருதியைக் கேட்டே வேகம் சொல்வார்.

முதலில் பாய்மரத்தைச் சாய்த்தோம். ஏழரை மீட்டர் அலுமினியக் கம்பம். அடியில் மடங்கும் பிடி. முன்கம்பியைக் கழற்றி, ஒரு துணைக்கம்பும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் தாழ்த்த வேண்டும். அதற்குமுன் அத்தான் என்னை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தலைக்கு மேல் மின்கம்பி ஏதும் போகிறதா என்று பார்க்காமல் பாய்மரத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது. நிமிர்ந்த பாய்மரத்தோடு ட்ரெய்லரை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. கம்பி உரசி ஆள் போன கதைகளைப் படகுக்காரர்கள் எல்லாருமே ஒன்றிரண்டு கேட்டிருப்பார்கள்.

படகை நிறுத்தப்போகும் ஆப்பிள் தோட்டத்திலிருந்து ட்ரெய்லரை இழுத்து வந்து, சரிவுத்துறையில் உடனே தண்ணீருக்குள் இறக்காமல் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார் அத்தான். சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுவென்று இருந்தது. ஓடிவந்த சூட்டோடு அதை இந்தக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் துருப்பிடிக்க அந்த ஒரு மடக்குத் தண்ணீர் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது உருளைகள் உட்கார்ந்த இடத்திலேயே துரு அரிக்கும். அடுத்த வசந்தத்தில், நெடுஞ்சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

இதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது பின்னால் புகை. வலதுசக்கரப் பேரிங் எரிந்து, குடம் சிவந்துபோயிருந்தது. அக்காவும் பிள்ளைகளும் வண்டியில். இருட்டில், லாரிகள் உரசிப் போகும் ஓரத்தில் ஐந்து மணி நேரம் நின்றார்கள். பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்ததாக ஒரு பணிமனை காசு வாங்கிப் பில் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய கிரீஸ், தண்ணீர் கலந்து மோர் நிறத்தில். அத்தான் அதைப் பற்றிச் சண்டைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அந்த வேலையை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

படகு ஏறுவது பார்க்க எளிது. ட்ரெய்லர் பின்னோக்கி இறங்கி முழுகியது. அத்தான் படகைத் தள்ளிவிட, நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முன்மூக்கின் வாரைக் கொக்கியில் மாட்டினேன். இரண்டு நிமிஷத்தில் கால் மரத்துவிட்டது. அவர் வின்ச் சுற்ற, படகு நகர்ந்து வந்து நடுவில் உட்கார்ந்தது. கார் இழுக்க, அடிவயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்தது. மிதக்கும்போது அத்தனை ஒயிலாக இருந்த பொருள் கரைக்கு வந்ததும் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக ஆகிவிடுகிறது! தண்ணீர் ஒவ்வொரு அங்குலத்திலும் சமமாகத் தாங்கிக்கொண்டிருந்த ஆயிரம் கிலோவை இனி நாலைந்து இடங்களில்தான் தாங்க வேண்டும். அந்த நாலைந்து இடமும் சரியாக அமையாவிட்டால் இரண்டு வருஷத்தில் ஃபைபர் உடம்பு உள்வாங்கிக் குழிந்துவிடும்.

தோட்டம் ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிறது. சொந்தக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். வரிசை ஆப்பிள் மரங்களுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அங்கே பன்னிரண்டு பதின்மூன்று படகுகள் ட்ரெய்லரில் நின்றன. ஆண்டு வாடகைக்கு இடம் விடுகிறார். எங்களைக் கைகுலுக்கி வரவேற்றதும் நேரே கடைசி மூலைக்குக் கூட்டிப் போய் ஒரு படகைக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பதுபோல.

அதுவும் ஏறக்குறைய இதே அளவு படகு. நீலத் தார்ப்பாய் கந்தல் கந்தலாகக் கிழிந்து தொங்கியது. உட்காரும் தொட்டி நிறைய மக்கிய இலை, அதில் ஊறிய கறுப்புத் தண்ணீர். வடிகால் ஓட்டைகளை இலை அடைத்து, மழைநீர் தேங்கி, குளிரில் உறைந்து, தொட்டியின் மூலை வெடித்திருந்தது. தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் பெருகும். ஃபைபர், இரும்பு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. இரண்டு டயரும் காற்றிறங்கி மண்ணில் அமுங்கிக் கிடந்தன. ட்ரெய்லரின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மேப்பிள் கன்று முளைத்து, என் முழங்கை கனத்துக்கு மரமாகியிருந்தது. அந்த மரத்தை வெட்டாமல் ட்ரெய்லரை இனி நகர்த்த முடியாது.

“அடுத்த வசந்தத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு வருஷம் ஆகிறது” என்றார் தோட்டக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. அந்தப் படகின் விளிம்பைக் கையால் தடவினார். பிறகு சுத்தியலின் கைப்பிடியால் மேல்தளத்தை ஒரு இடத்தில் தட்டினார். டொக் என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினார். தொப் என்று ஊறின பலகைச் சத்தம். மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கிறது. கைப்பிடிக் கம்பியின் திருகுத் துளை வழியாக நீர் இறங்கினால், வெளியே பளபளவென்றிருக்கும்போதே உள்ளே பலகை மக்கிப்போகும்.

எனக்குத் தெற்குக் கடற்கரை ஞாபகம் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் கப்பல் வேலைக்குப் போனார். அவருடைய வல்லம் மணலில் அப்படியே கிடந்தது. பத்திருபது வருஷம் அலையைத் தாங்கிய வல்லம், மூன்று ஐப்பசி மழையைத் தாங்கவில்லை. மற்றவர்கள் வல்லத்தைக் கரையேற்றினால் வெயிலில் பலகை காய்ந்து மூட்டு விடாதபடி தென்னங்கீற்றுப் போட்டு மூடி வைப்பார்கள். கட்டுமரம் என்றால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறின மரம் கனக்கும், காய்ந்தால்தான் நன்றாக மிதக்கும். மரப்படகுக்கு வெயிலும் வறட்சியும் பகை. ஃபைபருக்குத் தேங்கின நீர் பகை. ஆனால் கரையில் கிடக்கும் காலமும் படகின் ஆயுளில் சேர்த்தி என்பது கடலில் பிழைக்கிறவர்களுக்கு எங்கேயும் தெரிந்திருக்கிறது. படகு கடலில் கெடுவதைவிடக் கரையில்தான் அதிகம் கெடுகிறது என்று நான் இப்போது நிச்சயமாக நம்புகிறேன்.

பிற்பகல் முழுக்க வேலை.

முதலில் நிறுத்தும் கோணம். மூக்குப் பக்கத்து ஜாக்கியை உயர்த்தி, படகு பின்பக்கம் சாயும்படி வைத்தோம். இந்தப் படகின் வடிகால் துளைகள் பின்னால் இருக்கின்றன. விழுகிற நீர் எல்லாம் அங்கே ஓடிவர வேண்டும். பிறகு சட்டத்துக்கு அடியில், அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் மரக்கட்டைகளை அடுக்கி, டயர் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பும்வரை தூக்கினோம். கட்டைகள் சட்டத்தைத்தான் தாங்க வேண்டும், படகின் வயிற்றை அல்ல. மண்ணில் புதையாமல் இருக்க ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே அகலப் பலகை.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துக்களில் கடைசி நாலு எண்ணைக் காட்டினார் அத்தான்: 2316. 2016ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மேல்பூ தேயவே இல்லை, புதுசுபோல இருந்தது. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை. நின்று, வெயில் குடித்துச் சாகிறது. ஐந்தாறு வருஷம் ஆனால் பூ இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். திரும்பி வரும்போது புது டயர் போட்டுக்கொள்வது என்று முடிவுசெய்து, சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். சக்கரம் இல்லாத ட்ரெய்லரைத் திருடிப் போவதும் கடினம்.

பேரிங்கை என்னையே செய்யச் சொன்னார். மூடியைத் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றியதும் வெளிப்பேரிங் கைக்கு வந்தது; குடத்தை இழுத்தெடுத்து, பின்பக்கத்துச் சீலைப் பெயர்த்ததும் உள்பேரிங்கும் வந்தது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் ஒற்றிக் காயவைத்தேன். பிறகு இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு புது கிரீஸ். பேரிங்கின் அகன்ற வாயை அந்தக் கிரீஸின் ஓரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து அழுத்தலில் ஒன்றும் நடக்காது. விடாமல் அழுத்தினால், மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவிலிருந்து நூல் நூலாகக் கிரீஸ் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் அப்படி வந்தாக வேண்டும். மேலே பூசினால் போதாது. அந்த ஒரு பேரிங்குக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆனது. அத்தான் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த எடத்துல இன்னும் வரல” என்று திருப்பிக் கொடுத்தார். சொன்னது சரிதான், ஒரு இடைவெளி வெறுமையாக இருந்தது.

கீலின் பாரத்தைக் கம்பியில் விட்டுவைக்கக் கூடாது. ட்ரெய்லரின் நடுச்சட்டத்தில் ஒரு தடித்த ஓக் பலகை வைத்து, வின்ச்சை மெல்லத் தளர்த்தி, 250 கிலோவும் அந்தப் பலகையில் உட்காரும்படி இறக்கினோம். கம்பி தொய்ந்ததும் அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார்.

என்ஜின் நாலு குதிரைச்சக்தி அவுட்போர்டு. அதற்குத் தோட்டத்துக் குழாயைச் செருகி ஓடவிட்டு, எரிபொருள் குழாயைப் பிடுங்கி, கார்புரேட்டரில் உள்ளதையும் குடித்துவிட்டுத் தானே நிற்கும்வரை காத்திருந்தோம். இங்கே விற்கும் பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் நீரோடு பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரைக் கெடுத்துவிடும். அடிப்பெட்டியின் கியர் எண்ணெயையும் மாற்றினோம். பழையது தேன் நிறத்தில் வந்தது. பால்போல வெளுத்து வந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். என்ஜினும் பேட்டரியும் வீட்டுக்கு.

உள்ளேயிருந்து மெத்தைகள், பாய்கள், உயிர்காப்புச் சட்டைகள், சமையல் சாமான், ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட விடாமல் எல்லாவற்றையும் இறக்கினோம். பஞ்சும் துணியும் தின்னும் பொருளும் இருந்தால் எலி குடித்தனம் வந்துவிடும். அடித்தட்டில் கிடந்த கையளவு நீரைப் பஞ்சில் ஒற்றி, பழைய துண்டால் துடைத்தோம். எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்தே வைத்தோம். காற்று நடமாட வேண்டும். மூடிய அறையில் ஈரம் நின்றால் ஒரே கோடையில் சுவரெல்லாம் பூசணம் பூத்துவிடும்.

போர்வை விஷயத்தில் தோட்டக்காரர் கண்டிப்பாக இருந்தார். சாய்த்த பாய்மரத்தை முன்னும் பின்னும் தாங்கி வைத்து உத்தரமாக்கி, அதன்மேல் கேன்வாஸைக் கூரைபோல் இரண்டு பக்கமும் சரியவிட வேண்டும். தட்டையாக விரித்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் நீர் தங்கும், நீர் கனத்துத் துணியைக் கிழிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒரு வெயிலுக்குமேல் தாங்காது; காற்றில் படபடத்துப் படகின் மேல்பூச்சை மணல்தாள்போல் தேய்த்துவிடும். முன்னும் பின்னும் காற்றுப் போக வாய் திறந்திருக்கட்டும் என்றார். மாதம் ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்து, வடிகால் துளையில் இலை இருந்தால் எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அதற்கு அத்தான் பணம் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. தூத்துக்குடியில் அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இரண்டு பேரும் ஆப்பிள் மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் கடைசியாகப் படகுக்குள் போய், உள்பலகையில் பென்சிலால் எழுதினார். மை ஈரத்தில் கலைந்துவிடும், பென்சில் நிற்கும். தேதி, பேரிங் வைத்த விவரம், கம்பி தளர்த்திய விவரம், கியர் எண்ணெய் மாற்றிய விவரம், எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பது. எல்லாம் தமிழில். இரண்டு வருஷம் கழித்து வந்து நிற்கும்போது எதுவும் நினைவிருக்காது என்றார். தான் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருக்கக்கூடும். நான் கேட்கவில்லை. எழுதி முடித்தவர், அதற்குக் கீழேயே இங்கிலீஷில் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் எழுதினார்.

அன்று இரவு பேஃபீல்டிலேயே தங்கினோம். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஜன்னலில் சத்தம் கேட்டதும் அத்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விளக்குப் போடவில்லை. மழை வலுத்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் தூங்கிவிட்டேன். ஐந்தரைக்கு என்னை எழுப்பினார். “ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோமா மாப்ள?”

தோட்டத்தில் தூறல் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே குடையில், டார்ச்சோடு படகைச் சுற்றினோம். கூரை சரியாகத்தான் இருந்தது. இடதுபக்கத்தில் ஒரு இடம் தவிர. கைப்பிடிக் கம்பி உள்ளேயிருந்து முட்டும் இடத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே, ஒரு சொம்பு கொள்ளும் அளவுக்குத் துணி தொய்ந்து, அதில் தண்ணீர் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் மழைத்துளி ஒவ்வொன்றும் அதில் வட்டம் போட்டது. அத்தான் கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். தண்ணீர் வழிந்து கொட்டியது. கையை எடுத்தார், மறுபடி பள்ளம்.

நான் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இன்னொரு கண் தள்ளிப் போட்டு இழுத்தேன். அவர் உள்ளே தவழ்ந்து போய், பாய்மரத்திலிருந்து அந்தக் கம்பிவரை ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டினார், துணி அதன்மேல் படியும்படி. வெளியே வந்தார். குடையை மடக்கிவிட்டு இரண்டு பேரும் மழையிலேயே நின்று பார்த்தோம். பள்ளம் இருந்த இடத்தில் நீர் நிற்கவில்லை. இழையாகச் சேர்ந்து, சரிவில் ஓடி, ஓரத்தில் சொட்டியது. புல்லில் அது விழும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

அத்தான் பின்பக்கம் போய், குனிந்து, விரலைத் துடைத்துவிட்டு வடிகால் துளைக்கு நேரே வைத்துப் பார்த்தார். விரலை எடுத்து டார்ச்சில் காட்டினார். ஈரமில்லை.

“சரி, போலாம்” என்றார்.